புள்ளி இல்லாத குட்டி

ராஜபாளையத்துக்காரர் போனில் சொன்னார்:
பால் வெள்ளை, ரோஸ் மூக்கு,
மேலெல்லாம் தேடினாலும்
கடுகளவு கரும்புள்ளி கிடையாது.
நான் செம்பூர் ஸ்டேஷன் பாலத்தில்
கூட்டம் இடிக்க நின்றபடி
தாய் எது, தகப்பன் எது,
தகப்பனுக்குத் தகப்பன் யார் தோட்டத்து நாய் என்று
மூன்று தலைமுறை கேட்டேன்.
சலிக்காமல் ஒப்பித்தார்.

வெட்கமாக இருந்தது, பிறகு.
ஜெபசிங்கைக் கட்டிக்கொள்கிறேன் என்ற அன்று
இதே மூன்று தலைமுறையை
எங்கள் வீட்டுக் கூடத்தில் விசாரித்தார்கள்.
பாதியில் எழுந்துதான்
இந்த ஊருக்கு ரயில் ஏறினேன்.

பதினெட்டாயிரம்.
மூக்கு நிறத்துக்குத் தனியே இரண்டு.

நாகர்கோவில் எக்ஸ்பிரஸின் கடைசிப் பெட்டியில்
இரும்புக் கூண்டுக்குள் பிரம்புக் கூடை,
கூடைக்குள் அவன்.
பிரேக் கிறீச்சிட்டது, மேலே ஒலிபெருக்கி அலறியது,
மீன் பெட்டிகளைத் தூக்கி எறிந்தார்கள்.
அவன் கண் திறக்கவில்லை.
வழியெல்லாம் இப்படித்தான், பயமே இல்லை என்றார் கார்டு.
வேட்டை ரத்தமாயிற்றே என்றான் ஜெபசிங்.

ஒரு வாரம் சண்டைபோட்டு ஒரு பெயர் வைத்தோம்.
சமையலறையிலிருந்து கூப்பிட்டோம்,
குளியலறையிலிருந்து கூப்பிட்டோம்.
தோன்றினால் வந்தான்.
திமிர் என்றோம், அதையும் பெருமையாகவே.
அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை.
அவனுக்கே தெரியாதது
உங்களுக்கு எதற்கு?

டாக்டர் பிண்டோ தடுப்பூசி போட்டார்,
காதில் டார்ச் அடித்தார்,
பேசிக்கொண்டே அவன் முதுகுக்குப் பின்னால்
எவர்சில்வர் தட்டைத் தரையில் நழுவவிட்டார்.
வெளியே யாருடைய கிளியோ வீறிட்டது.
எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.
அவன் என் கைக்கடிகார வாரை
மென்றுகொண்டிருந்தான்.

அன்று ராத்திரியே போன் செய்தேன்.
"சுத்த வெள்ளையில சிலது அப்படித்தாம்மா.
புள்ளி கலந்தா காது கேக்கும்.
புள்ளி விழுந்த குட்டிய யாரு வாங்குறா,
நீங்களே சொல்லுங்க."
நான் சொல்லவில்லை.
"திருப்பி அனுப்புங்க, அடுத்த ஈத்துல
வேற தாரேன், ஒரு பைசா வேண்டாம்."
அனுப்பினால் இதை என்ன செய்வீர்கள்?
அங்கே ஓடிக்கொண்டிருந்த மோட்டார் பம்பு
நின்றது கேட்டது.
"அத விடுங்கம்மா" என்றார்.

விட்டேன்.

பல் செட்டு செய்கிற லேப்பில் எனக்கு வேலை.
வெள்ளையில் பதினாறு வெள்ளை உண்டு,
அட்டையில் வரிசையாக எண் போட்டிருக்கும்.
ஒரு மாலை அவன் கோரைப்பல்லோடு
அட்டையை ஒத்துப் பார்த்தேன்.
எதோடும் சேரவில்லை.
அட்டையின் ஓரத்தைக் கடித்துவிட்டான்.

தீபாவளிக்கு எங்கள் கட்டிடத்தில்
ஆயிரம் வாலா, அதற்கு மேல் ஒரு ஆயிரம் வாலா.
செக்ரட்டரியின் லாப்ரடார் கட்டிலுக்கடியில்.
தெரு நாய்கள் எங்கே போயினவோ.
அவன் மட்டும் பால்கனிக் கம்பிக்கு நடுவில்
ரோஸ் மூக்கை நுழைத்துக்கொண்டு
பச்சை பூத்து உதிர்வதை,
சிவப்பு பூத்து உதிர்வதை
கடைசி வரைக்கும் பார்த்தான்.
எதிர் ஃபிளாட்டில் கைதட்டினார்கள்:
என்ன வீரம், என்ன ஜாதி!

இப்போது காலால்தான் கூப்பிடுகிறோம்.
தரையை ஓங்கி இரண்டு மிதி,
டைல்ஸ் வழியாகப் போய் அவன் வயிற்றைத் தொடும்.
எழுந்து, யார் என்று பார்த்து, வருவான்.
கீழ்வீட்டு மிசஸ் பாடங்கருக்கு
இது பொறுப்பதில்லை.
ஒட்டடைக் கம்பால் தன் கூரையைத் திருப்பி இடிப்பார்,
நாலு, ஐந்து, நல்ல கோபத்தோடு.
தூங்குகிறவன் விசுக்கென்று எழுவான்.
கூப்பிட்டது நான்தான் என்று நினைத்து
மூலையில் வழுக்கி, சமாளித்து,
முழு வாலோடும் ஓடி வருவான்.